ஏரியா கையேட்டை எல்லாரும் சேர்ந்து எழுதுவது எப்படி?

குடிதண்ணீரில் சாக்கடை வாடை அடித்தால் எந்த எண்ணுக்கு அழைப்பது, குழந்தையின் பிறப்புப் பதிவில் பெயர் விட்டுப்போனால் எங்கே போவது, மழை பிடித்தால் எந்தச் சந்து முதலில் நிரம்பும்? வட சென்னையில் எந்தத் தெருவை எடுத்துக்கொண்டாலும் இதெல்லாம் தெரிந்தவர்கள் நாலு பேர் இருப்பார்கள். ஆனால் எல்லாம் அவர்கள் தலைக்குள்தான் இருக்கிறது. அவர்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் சிக்கல் வந்தால், நேற்று குடிவந்தவர் யாரிடம் கேட்பார்?

இப்படி ஆளுக்கொரு துண்டாகச் சிதறிக் கிடப்பதை ஒரே கையேடாகச் சேர்த்து, அதை யார் வேண்டுமானாலும் திருத்தும்படி திறந்து வைப்பதற்கான வழிமுறை இது. ராயபுரம், கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, புளியந்தோப்பு, திருவொற்றியூர், எர்ணாவூர் என்று எங்கிருந்தாலும் முறை ஒன்றுதான். எழுதிப் பழகியிருக்க வேண்டியதில்லை. குழுவில் ஒருவருக்குக் கணினி தெரிந்தால் போதும்.

ஏன் திறந்து வைக்க வேண்டும்

ஒருவரே உட்கார்ந்து எழுதினால் நடை சீராக இருக்கும், வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் எழுதியவர் கண்ணுக்குத் தன் தவறு தெரியாது. கையேட்டில் இருக்கும் தவறை முதலில் கண்டுபிடிப்பவர், அதை நம்பி அலுவலகம் வரை போய் வெறுங்கையோடு திரும்பியவர். அவர் அன்றைக்கே, யார் அனுமதிக்கும் காத்திராமல், அந்த வரிக்குத் திருத்தம் எழுத முடிய வேண்டும். திறந்த முறையின் பயன் முதன்மையாக இதுதான். திருத்துவது கடினமாக இருந்தால் அவர் சலித்துக்கொண்டு விட்டுவிடுவார். அடுத்தவரும் அதே அலுவலகத்துக்கு வீணாக அலைவார்.

இன்னொரு பயனும் உண்டு. சில விஷயங்கள் தனியாக எவருக்குமே தெரியாது. பல பேர் சொன்னதைச் சேர்த்தால்தான் தெரியவரும். குடிதண்ணீரில் கழிவுநீர் கலப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட நேரம் மட்டும் தண்ணீர் விடும் தெருக்களில், மற்ற நேரம் குழாயில் அழுத்தம் இருக்காது. குழாயில் விரிசலும் பக்கத்தில் கசியும் சாக்கடையும் இருந்தால் அந்த நேரத்தில்தான் கழிவுநீர் உள்ளே இறங்கும். தண்ணீர் விட்டதும் முதலில் வந்து விழுவது அந்தக் கலங்கல். ஒரு வீட்டுக்காரருக்குத் தன் வீட்டுக் குழாய் நாறுவது மட்டும்தான் தெரியும். எல்லாரும் பார்க்கிற ஓர் அட்டவணையில் கதவு எண், தண்ணீர் வந்த நேரம், வாடை அடித்த நேரம், தெளிந்த நேரம், நேரடிக் குழாயா, அடிபம்பா, சம்ப்பா (தரைக்கடித் தொட்டியா) என்பதை மட்டும் வீட்டுக்கு வீடு எழுதச் சொல்லுங்கள். நாலைந்து நாளில் படம் தெளியும். ஒரே வீட்டில் மட்டும் நாறினால் பெரும்பாலும் அந்த வீட்டு இணைப்புக் குழாயில் கோளாறு, அல்லது சம்ப்பில். தெருவில் குறிப்பிட்ட ஒரு வீட்டிலிருந்து அதற்கப்பால் எல்லா வீட்டிலும் நாறினால், அந்த வீட்டுக்குப் பக்கத்தில் பெரிய குழாயைப் பார்க்க வேண்டும். பக்கத்துத் தெருவிலும் இதே கதை என்றால் கோளாறு இன்னும் மேலே. மெட்ரோ வாட்டர் டெப்போவுக்கு, அதாவது குடிநீர் வாரியத்தின் உள்ளூர் அலுவலகத்துக்கு, இந்த அட்டவணையோடு போனால், எங்கே தோண்டுவது என்ற பேச்சு உடனே தொடங்கும். "எங்க தெருவுல தண்ணி நாறுது" என்று மட்டும் சொன்னால் அந்தப் பேச்சு வராது.

எதை எழுதுவது, எதை விடுவது

ஏரியா வரலாறு, சாதனையாளர்கள், திருவிழா என்று தொடங்கும் கையேடுகள் பாதியில் நின்றுவிடுகின்றன. எங்கே முடிப்பது என்று தெரியாமல் போவதுதான் காரணம். அவை முக்கியமானவைதான், ஆனால் இரண்டாம் பதிப்புக்கு வையுங்கள்.

முதல் பதிப்புக்குக் கேள்விகளைப் பொறுக்குங்கள். ஏரியா வாட்ஸ்அப் குரூப்பில் கடந்த ஆறு மாதத்தில் திரும்பத் திரும்ப வந்தவை எவை? இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருப்பவர், ஜெராக்ஸ் கடைக்காரர், அங்கன்வாடி அக்கா ஆகிய மூன்று பேரிடமும் "உங்ககிட்ட ஜனங்க அடிக்கடி என்ன கேக்கறாங்க?" என்று கேளுங்கள். முப்பது கேள்வியாவது சேரும். அதில் பத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கேள்விக்கு ஒரு பக்கம். தலைப்பையும் கேள்வியாகவே வையுங்கள். "மின்சார சேவைகள்" என்று தலைப்பிட்டால் தேடுகிறவருக்குக் கிடைக்காது. "எங்க வீட்டில் மட்டும் கரண்ட் இல்லை, என்ன செய்வது?" என்று வைத்தால் விரல் தானாக அங்கே போகும்.

யார் யார் வேண்டும்

ஆறிலிருந்து எட்டுப் பேர் தொடங்கப் போதும். அதற்கு மேல் போனால் முதல் கூட்டம் பேச்சிலேயே முடியும். விஷயம் தெரிந்தவர் மூன்று பேர், தட்டச்சுக்கு ஒருவர், சரிபார்க்க இருவர். இவர்களைவிட முக்கியமானவர் ஒருவர் உண்டு: அண்மையில் வாடகைக்கு வந்தவர், எதுவும் தெரியாதவர். "டெப்போன்னா என்ன? பஸ் டெப்போவா?" என்று அவர்தான் கேட்பார். தெரிந்தவர்கள் மட்டும் எழுதும் கையேடு தெரிந்தவர்களுக்கே பயன்படும்.

பெண்கள் இல்லாமல் தண்ணீர்ப் பக்கத்தையும் ரேஷன் பக்கத்தையும் எழுதாதீர்கள். ஆட்டோ ஓட்டுபவர் இல்லாமல் மழைக்கால மாற்று வழிகளை எழுதாதீர்கள். காசிமேடு, திருவொற்றியூர்க் குப்பங்களில் எழுதுகிறீர்கள் என்றால், விசைப்படகில் போகிறவர்களை உட்காரவைக்க ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலமே தோதான நேரம். மற்ற நாளில் அவர்கள் கடலில் இருப்பார்கள், அல்லது அசந்து தூங்குவார்கள். வாடைக் காற்று, கடல் ஏற்றம், கழிமுகம் எப்போது தண்ணீரை வாங்காது என்பதெல்லாம் அவர்களிடம்தான் கிடைக்கும்.

எங்கே வைத்து எழுதுவது

வாட்ஸ்அப் குரூப்பில் கையேடு எழுத முடியாது. இன்று போட்ட தகவல் நாளை நூறு காலை வணக்கத்துக்குக் கீழே போய்விடும். அதைவிடக் கெடுதல், தவறான செய்தி ஒருமுறை ஃபார்வர்டு ஆகிவிட்டால் திருத்தம் அதன் பின்னாலேயே ஓடிப் பிடிக்காது. கையேட்டுக்கு ஒரே இருப்பிடம் வேண்டும். குரூப்பில் அதன் இணைப்பை மட்டும் அனுப்புங்கள். பக்கத்தை வெட்டி ஒட்டாதீர்கள்.

புதியவர்களுக்கு கூகுள் டாக்ஸ் போதும். விக்கி மென்பொருள், கிட் (மாற்றங்களைப் பதிப்பு பதிப்பாகச் சேமிக்கும் கருவி) போன்றவை பெரிய வேலைக்கு நல்லவை. ஆனால் கற்றுக்கொள்ளவே ஒரு மாதம் ஆகும். அதற்குள் பாதிப் பேர் கழன்றுவிடுவார்கள். அமைக்கும்போது சில விஷயங்களில் கவனம் தேவை.

ஆவணம் ஒருவருடைய சொந்தக் கணக்கில் இருக்கக் கூடாது. அவர் ஊர் மாறினாலோ கணக்கை மூடினாலோ ஆவணம் போய்விடும். கையேட்டுக்கென்றே ஒரு மின்னஞ்சல் கணக்கு தொடங்கி, கடவுச்சொல்லை இரண்டு பேர் வைத்துக்கொள்ளுங்கள். மீட்பு எண்ணாக மூன்றாமவர் எண் இருக்கட்டும்.

பகிரும்போது மூன்று நிலை உண்டு: பார்க்க மட்டும், கருத்திட, திருத்த. இணைப்பு கிடைத்த எல்லாருக்கும் "கருத்திட" கொடுங்கள். அப்போது யாரும் வரியை மாற்றி எழுதிப் பரிந்துரைக்கலாம். பழைய வரி அழியாது. பரிந்துரையை ஏற்பவர்கள் நாலைந்து பேர் இருக்கட்டும், அவர்களுக்கு மட்டும் "திருத்த" உரிமை. எல்லாருக்கும் திருத்தும் உரிமை கொடுத்து இணைப்பைப் பெரிய குரூப்பில் போட்டால், போனில் தவறுதலாக விரல் பட்டே ஒரு பக்கம் காணாமல் போகும். போனாலும் பதறாதீர்கள். பழைய பதிப்புகள் ஆவணத்தின் பதிப்பு வரலாற்றில் இருக்கும்; கணினியில் திறந்து, கெடுவதற்கு முந்தைய பதிப்பை மீட்டுக்கொள்ளலாம்.

பரிந்துரை வந்தால் 48 மணி நேரத்துக்குள் ஏற்கவோ, ஏற்காத காரணத்தை ஒரு வரியில் எழுதவோ வேண்டும். இந்த ஒரு விதியைத் தளர்த்தாதீர்கள். இரண்டு முறை எழுதியும் பதில் வரவில்லை என்றால் அந்த மனிதர் மூன்றாம் முறை எழுத மாட்டார். பெயருக்குத் திறந்து கிடந்து, உள்ளே நாலு பேர் மட்டும் புழங்கும் கையேடுகள் பலவும் இப்படித்தான் ஆகின்றன.

போன் பழகாதவர்களின் திருத்தமும் வந்து சேர வேண்டும். டீக்கடையிலோ ஜெராக்ஸ் கடையிலோ ஒரு நாற்பது பக்க நோட்டைக் கயிற்றில் பேனா கட்டித் தொங்கவிடுங்கள். மேலட்டையில் "கையேட்டுத் திருத்த நோட்டு" என்று எழுதி, முதல் பக்கத்தில் ஒரு மாதிரித் திருத்தத்தை நீங்களே எழுதிவையுங்கள். வெற்று நோட்டில் முதல் ஆளாக எழுத எல்லாரும் தயங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒருவர் அதைப் பார்த்துத் தட்டச்சு செய்து, நோட்டில் அந்த வரிக்கு எதிரே "ஏற்றியாச்சு" என்று தேதியோடு குறிக்க வேண்டும். வாய்ஸ் மெசேஜ் அனுப்புபவர்களையும் தடுக்காதீர்கள். தமிழ்க் குரல் தட்டச்சு இப்போது நன்றாகவே வேலை செய்கிறது. எண்களிலும் ஊர்ப் பெயர்களிலும் மட்டும் தடுமாறும். அவற்றைக் காதால் கேட்டுச் சரிபாருங்கள்.

ஒரு பக்கத்தில் என்னென்ன இருக்க வேண்டும்

எல்லாப் பக்கமும் ஒரே வரிசையில் இருந்தால் படிக்க எளிது, எழுதுபவருக்கும் எது விட்டுப்போனது என்று தெரியும். கேள்வி, யாருக்கு இது பொருந்தும், கிளம்பும் முன் எடுத்துக்கொள்ள வேண்டியவை, எங்கே, எந்த நேரம், படிகள், கட்டணம், அங்கே முட்டுக்கட்டை வந்தால் அடுத்த இடம், கடைசியாகச் சரிபார்த்த தேதி. இதற்குள் அடங்காத விஷயம் பெரும்பாலும் வேறொரு பக்கத்துக்குரியது.

எடுத்துக்காட்டாக, "எங்க வீட்டில் மட்டும் கரண்ட் இல்லை" என்ற பக்கம் இப்படி வரலாம்:

பக்கத்து வீட்டில் கரண்ட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், உங்கள் மெயின் சுவிட்ச், டிரிப்பர் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். கை ஈரமாக இருந்தால், அல்லது தரையில் தண்ணீர் நின்றால் எதையும் தொடாதீர்கள். மீட்டர் அட்டையில் இருக்கும் மின் இணைப்பு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். வட சென்னை மண்டலத்து எண்கள் 01 என்று தொடங்கும். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987 எண்ணுக்கு அழைத்து இணைப்பு எண்ணைச் சொல்லுங்கள். அவர்கள் தரும் புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்; மறுபடி அழைக்கும்போது இந்த எண் இல்லாமல் பேசினால் புதுப் புகாராகவே எழுதுவார்கள். தெரு முனையில் பில்லர் பாக்ஸிலிருந்து (வீடுகளுக்குக் கரண்ட் பிரிக்கும் பெட்டி) புகை, பொறி, வாடை வந்தால் பக்கத்தில் போகாமல், யாரையும் போகவிடாமல் அழைக்க வேண்டும்.

இதில் ஒவ்வொரு வரியும் ஒவ்வொருவர் சேர்த்ததாக இருக்கும். 01 விஷயத்தை ஒருவர் சொல்வார், புகார் எண் விஷயத்தை அதனால் அவதிப்பட்டவர் சொல்வார், ஈரக்கை எச்சரிக்கையை வயரிங் வேலை பார்ப்பவர் சேர்ப்பார். ஒரே ஆள் எழுதியிருந்தால் இதில் இரண்டு விஷயமாவது விட்டுப்போயிருக்கும்.

ஆளுக்கு ஆள் அனுபவம் மாறும் பக்கங்களில் நிபந்தனைகளைப் பிரித்து எழுதுங்கள். பிறப்புப் பதிவு இதற்கு நல்ல உதாரணம். பிறந்த 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. பெயர் இல்லாமல் பதிவாகியிருந்தால் 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஒருவர் "காசே வாங்கலை" என்பார், இன்னொருவர் "எங்கிட்ட வாங்கினாங்க" என்பார். இரண்டும் உண்மை, குழந்தையின் வயதுதான் வேறு. கையேட்டில் சண்டை வரும் இடங்களில் பாதி இப்படிப்பட்டவையே. யார் சொல்வது சரி என்று கேட்பதற்கு முன், இருவரும் எந்த நிலையில் போனார்கள் என்று கேளுங்கள்.

சொல்லும் இடமும்

ஜனங்கள் சொல்லும் சொல்லையே எழுதுங்கள். அலுவலகப் பலகையில் இருக்கும் சொல்லையும் ஒருமுறை பக்கத்தில் தாருங்கள். "சாயங்கால ஆஸ்பத்திரி" என்று ஏரியாவில் வழங்கும் இடத்துக்குப் பலகையில் "நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம்" என்று இருக்கலாம். ஒன்றை மட்டும் எழுதினால் ஒரு பாதிப் பேர் வழி தவறுவார்கள். வண்ணாரப்பேட்டை என்றால் பழையதா, புதியதா என்று எப்போதும் சேர்த்தே எழுதுங்கள். தங்கசாலையை மின்ட் என்று சொல்பவர்களே அதிகம், இரண்டையும் தாருங்கள். கதவு எண்ணில் பழைய எண், புதிய எண் இரண்டும் வேண்டும்.

இடத்தை அடையாளத்தோடு சொல்லுங்கள், ஆனால் கடைப் பெயரை அடையாளமாக வைக்காதீர்கள், கடை மாறிவிடும். கோயில், தேவாலயம், மசூதி, பள்ளி, ரயில் நிலையம், பாலம் நிலைக்கும். கல்மண்டபம், தேரடி, டோல்கேட் போன்றவை எல்லாருக்கும் தெரிந்தவை.

வார்டு எண்ணை மட்டும் நம்பி எழுதுவதும் பிழைக்கு இடம் கொடுக்கும். திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் எல்லாம் முன்பு தனி நகராட்சிகள். 2011இல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. மாநகராட்சி 200 வார்டுகளானது. பழைய காகிதங்களில் பழைய நகராட்சிப் பெயரும் பழைய வார்டு எண்ணும் இருக்கும். அவற்றைப் பார்த்து எழுதினால் ஆளை வேறு அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவீர்கள். தெருப் பெயரையும் மண்டல அலுவலகத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

மழைப் பக்கம்: இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள்

பத்துப் பக்கத்தில் ஒன்றை மட்டும் மிக நன்றாக எழுத முடியும் என்றால், மழைப் பக்கத்தை எழுதுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது, யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் மேல் மூழ்கிய தெருக்களைப் பொதுமக்களே குறித்த வரைபடம் ஒன்று சென்னையில் பயன்பட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வட சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. ஒவ்வொரு மழையிலும் அதே இடங்கள்தான் முதலில் நிரம்புகின்றன. ஆனால் எந்த இடம், எவ்வளவு, எத்தனை மணி நேரத்தில் என்பது எழுத்தில் இருப்பதில்லை.

"முழங்கால் தண்ணி" என்று எழுதாதீர்கள். யாருடைய முழங்கால் என்ற கேள்வி வரும். நகராத ஒரு பொருளில் அளவெடுங்கள்: பள்ளிச் சுவர், பாலத்தூண், ஹவுசிங் போர்டு பிளாக்கின் முதல் படிக்கட்டு. சாலை மட்டத்திலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று டேப் வைத்து அளந்து, தேதியோடு குறியுங்கள். பழைய மழைக்கு, சுவரில் கறை நின்ற உயரத்தை வீட்டுக்காரரிடம் கேட்டுக் குறிக்கலாம். அருகில் "கேட்டு எழுதியது" என்று போட்டுவிடுங்கள்.

தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே வடிகிறது என்பதையும் எழுதுங்கள். ஓட்டேரி நல்லா, கேப்டன் காட்டன் கால்வாய், பக்கிங்ஹாம் கால்வாய் என்று உங்கள் தெருத் தண்ணீர் எதில் போய்ச் சேருகிறது? கால்வாய் கடைசியில் கடலோடு சேர்வதால், கடல் ஏற்றமாக இருக்கும் நேரத்தில் தண்ணீர் இறங்குவது மந்தமாகும். மழை நின்று மூன்று மணி நேரமாகியும் ஏன் வடியவில்லை என்று திகைப்பவருக்கு இந்த ஒரு வரி, மாடிக்குச் சாமான் ஏற்றுவதா காத்திருப்பதா என்று முடிவெடுக்க உதவும்.

எழுத வேண்டிய இன்னும் சில: வியாசர்பாடி கணேசபுரம் போன்ற சுரங்கப்பாதைகள் நிரம்பினால் மாற்று வழி எது (ஆட்டோக்காரர், தண்ணீர் லாரி ஓட்டுநர் இருவரிடமும் கேட்டு), தண்ணீரில் மூழ்கும் பில்லர் பாக்ஸ்கள் எவை, அவற்றிலிருந்து விலகி நடக்கும் வழி எது, இரவில் மகப்பேறு வலி வந்தால் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனைக்கோ ஸ்டான்லிக்கோ எந்த வழியில் வண்டி போகும். எந்தப் பள்ளி அல்லது சமூக நலக்கூடம் தங்குமிடமாகத் திறக்கப்படுகிறது, சாவி எந்த அலுவலகத்தில் இருக்கிறது. கூடவே எண்கள்: மாநகராட்சி 1913, மெட்ரோ வாட்டர் 044-4567 4567, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1077, ஆம்புலன்ஸ் 108, அவசர உதவி 112.

வரைபடமும் போட விரும்பினால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தெருப் பெயர்களை நீங்களே சேர்க்கலாம். மற்ற நிறுவன வரைபடங்களைப் பார்த்து அதில் நகலெடுக்கக் கூடாது. உரிமச் சிக்கல் வரும். தெருவில் நடந்து, பலகையைப் படித்து எழுதுங்கள்.

சரிபார்ப்பு

தொலைபேசி எண், கட்டணம், மருந்து, மின்சாரம் இந்த நாலையும் இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபார்க்காமல் வெளியிடாதீர்கள். எண் என்றால் அழைத்துப் பார்ப்பது. கட்டணம் என்றால் ரசீதையோ அறிவிப்புப் பலகையையோ பார்ப்பது. மற்ற வரிகளுக்கு அருகே எங்கிருந்து தெரிந்தது என்று ஒரு சிறு குறி போதும்: நேரில் பார்த்தது, பலகையில் இருந்தது, அரசு இணையதளத்தில் இருந்தது, கேட்டது. முரண்பாடு வந்தால் இந்த வரிசையில் முன்னே இருப்பதை முதலில் நம்புங்கள். ஒன்று மட்டும் விதிவிலக்கு: கட்டணத்தில் பலகை ஒன்று சொல்லி, நேரில் வேறு வாங்கினால் பலகையில் உள்ளதையே எழுதுங்கள். கையேடே கூடுதல் தொகையை வழக்கமாக்கிவிடக் கூடாது.

எழுதிய பக்கத்தை, அந்த வேலையை இதுவரை செய்யாத ஒருவரிடம் கொடுத்து அதன்படியே செய்யச் சொல்லுங்கள். கூடவே போங்கள், ஆனால் வாயைத் திறக்காதீர்கள். அவர் நின்று யோசிக்கும் இடம்தான் திருத்த வேண்டிய வரி.

எதைத் திறக்கக் கூடாது

கையேடு திறந்திருக்கலாம்; ஜனங்களின் சொந்த விவரம் திறந்திருக்கக் கூடாது. ஆதார், ரேஷன் அட்டைப் படங்களை எடுத்துக்காட்டுக்காகக்கூடப் போடாதீர்கள். அதிகாரியின் சொந்தக் கைப்பேசி எண் வேண்டாம். பதவியும் அலுவலக எண்ணும் போதும், ஆள் மாறினாலும் பக்கம் நிற்கும். படுத்த படுக்கையாக இருப்பவர், தனியாக இருக்கும் முதியவர், நிறைமாதக் கர்ப்பிணி யார் எந்த வீட்டில் என்ற பட்டியல் வெள்ளத்தில் உயிர் காக்கும். ஆனால் அது இணையத்தில் இருந்தால் திருடனுக்கும் வழி காட்டும். அதைக் காகிதத்தில், அவர்களுடைய சம்மதத்தோடு எழுதி, தெருவுக்கு இரண்டு பேர் மட்டும் வைத்துக்கொள்ளட்டும். கையேட்டில் "உதவிப் பட்டியல் தெருப் பொறுப்பாளர்களிடம் இருக்கிறது" என்று ஒரு வரி போதும்.

கட்சி, மன்றம், நன்றிப் படம் எதுவும் உள்ளே வர வேண்டாம். அச்சுச் செலவை ஒருவர் ஏற்றுக்கொண்டால் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி நன்றி போடலாம், படம் போட வேண்டாம். ஒரு படம் ஏறினால் அடுத்த மன்றத்துக்காரர் அந்தக் கையேட்டைத் தொட மாட்டார். பாதி ஏரியாவின் திருத்தம் வராமல் போகும். இதை முதல் கூட்டத்திலேயே பேசி முடித்துவிடுங்கள். அச்சுக்குப் போகும் நேரத்தில் பேசினால் மனக்கசப்பு வரும்.

உரிமையையும் முதலிலேயே எழுதிவையுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் பெயர் குறிப்பிடுதல்–அதேபோல் பகிர்தல் 4.0 உரிமம் பொருத்தமானது. விக்கிப்பீடியாவும் இதைத்தான் பயன்படுத்துகிறது. யாரும் நகலெடுக்கலாம், மாற்றலாம், அச்சிடலாம். எடுத்த இடத்தைச் சொல்ல வேண்டும், தாங்கள் மாற்றியதையும் இதே உரிமத்தில் திறந்து வைக்க வேண்டும். செய்தித்தாள் படம், அடுத்தவர் எடுத்த படம் ஆகியவற்றை அனுமதியில்லாமல் சேர்த்தால் இந்த உரிமத்தையே தர முடியாது.

அச்சு

புயல் நேரத்தில் கரண்டும் இருக்காது, சிக்னலும் இருக்காது. காகிதப் பிரதி கட்டாயம் வேண்டும்.

A4 தாளை மடித்தால் நாலு பக்கம் வரும். அதனால் மொத்தப் பக்கம் நாலால் வகுபட வேண்டும். 16 பக்கக் கையேட்டுக்கு இருபுறமும் அச்சிட்ட நாலு தாள், நடுவில் இரண்டு ஸ்டேப்ளர் ஊசி. எழுத்து 13 புள்ளிக்குக் குறையாமல் இருக்கட்டும். படிப்பவர்களில் பலர் கண்ணாடி போடுபவர்கள். கறுப்பு வெள்ளை போதும். டி.டி.பி. கடையில் கொடுத்தால் யூனிகோடு எழுத்துருவிலேயே, எடுத்துக்காட்டாக நோட்டோ சான்ஸ் தமிழில், வைக்கச் சொல்லுங்கள். சில கடைகளில் பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் வேலை செய்வார்கள். மாற்றும்போது ஒகர, ஓகாரக் குறிகள் பிரிந்து வேறிடத்தில் நிற்கும், எண்களுக்கு நடுவே குறிகள் புகும். மாற்றிய பின் ஒருமுறை முழுவதும், எண்களை மட்டும் இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும். கடையில் செய்த திருத்தம் மூல ஆவணத்துக்குத் திரும்பி வந்ததா என்றும் பாருங்கள். வராவிட்டால் அடுத்த பதிப்பில் அதே பிழை மறுபடி முளைக்கும்.

அட்டையில் க்யூஆர் கோடு போடுங்கள், இரண்டரை சென்டிமீட்டருக்குக் குறையாமல். இணைப்பை நேரடியாக உள்ளே வைத்த நிலையான கோடாக அது இருக்க வேண்டும். சில இலவசத் தளங்கள் தங்கள் முகவரி வழியாகத் திருப்பிவிடும் கோடு தரும். காலக்கெடு முடிந்ததும் அது செத்துவிடும், அச்சடித்தது அத்தனையும் வீண். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் "தவறு இருந்தால் இங்கே சொல்லுங்கள்" என்று திருத்த நோட்டு இருக்கும் கடையின் தெருவைக் குறியுங்கள்.

முதலில் 50 பிரதி மட்டும் அடியுங்கள். எப்படியும் பிழை வரும். ஆயிரம் அடித்துவிட்டால் அதைத் திருத்த மனம் வராது.

பராமரிப்பு

ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பொறுப்பாளர் இருக்கட்டும். பக்கம் அவருடைய சொத்தாகிவிடாது. வருடத்துக்கு இரண்டு முறை அதைச் சரிபார்ப்பது மட்டுமே அவர் வேலை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும் என்பதால் மழைப் பக்கத்தைச் செப்டம்பர் இறுதிக்குள் பாருங்கள். பள்ளிச் சேர்க்கை, சான்றிதழ் பக்கங்களை ஏப்ரலில். சரிபார்த்த தேதி ஆறு மாதம் தாண்டினால் பக்கத்தின் தலையில் "பழைய தகவலாக இருக்கலாம், அழைத்து உறுதிசெய்யுங்கள்" என்று போடுங்கள். பொறுப்பாளர் இரண்டு முறை தவறவிட்டால் வருத்தமில்லாமல் வேறொருவருக்கு மாற்றுங்கள்.

பக்கத்து ஏரியாக்காரர் வந்து கேட்டால் முழு ஆவணத்தையும் நகலெடுத்துக் கொடுங்கள். கொடுக்கும் முன் உங்கள் தெருக்களின் எண், அடையாளம், நேரம் ஆகியவற்றை அழித்து அந்த இடங்களில் கோடு போடுங்கள். விட்டுவைத்தால் கொருக்குப்பேட்டையின் டெப்போ எண் எர்ணாவூர்க் கையேட்டில் அச்சாகிவிடும். கேள்விகளும் பக்க அமைப்பும் விதிகளும் மட்டும் போகட்டும். தகவலை அவர்கள் தங்கள் தெருவில் நடந்து நிரப்ப வேண்டும்.